வார்ஃபரின் தொடங்கிய முதல் வாரத்தில் தோல் வலித்தால்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். நீலமாகி, மஞ்சளாகி, தானே மறையும் சின்னக் கன்றலை, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். சோதனையின்போது சொன்னால் போதும்.

ஆனால் மருந்து தொடங்கிய 3 முதல் 10 நாளுக்குள், எங்கும் இடிக்காமலே மார்பகம், தொடை, பிட்டம், அடிவயிறு போன்ற சதைப்பிடிப்பான இடங்களில் சுள்ளென்று வலித்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். முதலில் வலி, பிறகு சிவப்பு, அடுத்து ஊதா, இரத்தக் கொப்புளம், கடைசியில் கருகிய தோல். சிலருக்குத் தோல் ஒட்டு அறுவை வரை போய்விடும். 1,000 முதல் 10,000 பேரில் ஒருவருக்கே வருவதால், பார்த்ததும் இதுதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இரத்தத்தை உறையவிடாத மருந்து எப்படி உறைய வைக்கிறது? உறைதலுக்குக் கடிவாளம் போடும் 'புரதம் சி'யையும் வார்ஃபரின் குறைக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 8 மணி நேரம். உறைய வைக்கும் புரோத்ராம்பினுக்கோ 60 மணிக்கும் மேல். கடிவாளம் முதலில் அறுந்துவிடுவதால், தோலடி நுண்குழாய்கள் அடைபடுகின்றன. அந்த நாட்களில் ஐ.என்.ஆர். ஏறியிருந்தாலும் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

காலிலோ நுரையீரலிலோ புதிதாக இரத்தம் உறைந்தவர்களுக்குக் குறைந்தது 5 நாள், ஐ.என்.ஆர். 2-க்கு மேல் 24 மணி நேரம் நிற்கும்வரை, உடனே வேலை செய்யும் உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுவது இதனால்தான். "மாத்திரைதான் கொடுத்தாச்சே, ஊசி எதுக்கு?" என்று அவசரப்படுத்த வேண்டாம். விட்டுப்போன வேளைக்கு இரட்டை மாத்திரையும் வேண்டாம். திடீரென ஏறும் அளவே ஆபத்து.

வலித்த இடத்தில் கோடாலித் தைலம் தேய்க்காதீர்கள். வார்ஃபரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த மாத்திரை நேரத்துக்கு முன்பே பினாங்கு மருத்துவமனையிலோ அருகிலுள்ள வேறு மருத்துவமனையிலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை தொடங்கிய தேதியை முதலில் சொல்லுங்கள். அங்கே வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால், பழைய உறைகட்டி அப்படியே இருக்கும்.

3 முதல் 8 வாரத்தில் கால்விரல்கள் வலித்து ஊதாவாவது வேறு சிக்கல். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மாதங்கள் கழித்தும் வலியோடு கரும்புண் வரலாம். இரண்டுக்கும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புரதம் சி குறைபாடு பரம்பரையாகவும் வருவதால், பாதிக்கப்பட்டவரின் உடன்பிறந்தவர்கள் வார்ஃபரின் தொடங்குமுன் அதைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கான புரதம் சி சோதனையை வார்ஃபரினின் தாக்கம் நீங்கிய பிறகே செய்வார்கள். இல்லையெனில் அளவு எப்படியும் குறைவாகத்தான் காட்டும்.