100 கோடி புள்ளிகளும் ஒரு கொட்டேஷனும்

திருச்சியில் சர்வே நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் ஒரு கொட்டேஷனைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். “லேசர் ஸ்கேனர் வாங்கியாச்சு சார். டேட்டாவை ஓட்ட இந்த கம்ப்யூட்டர் போதுமா?” என்று கேள்வி. கொட்டேஷனில் 64 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள பிராசஸர், 24 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கண்ணாடி பதித்த பெட்டி, உள்ளே வண்ண விளக்கு எல்லாம் இருந்தன. வேலை நடக்கும்போது டேட்டாவை வைத்திருக்கும் நினைவகமான ராம் மட்டும் 32 ஜிபி: 16 ஜிபி குச்சிகள் இரண்டு.

என் பதில் இதுதான்: சில இடங்களில் தேவைக்கு மேல் இருக்கிறது, தேவைப்படும் இடத்தில் பாதிகூட இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்கேனர் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். லேசர் ஒளியை அனுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். கண்ணாடி ஒன்று சுழன்றபடி ஒளியை மேலும் கீழும் வீச, கருவியும் மெதுவாகத் திரும்ப, சுற்றியுள்ள இடம் முழுவதும் புள்ளிகளாகப் பதிவாகும். இப்படிக் கிடைக்கும் புள்ளித்திரளைத்தான் தொழிலில் பாயின்ட் கிளவுட் என்கிறோம்.

2010இல் ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தை ஸ்கேன் செய்தார். 50க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தார். 2018இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. தீக்கு முன்பு ஒவ்வொரு வளைவும் எங்கே இருந்தது என்பதற்குச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் அந்தப் புள்ளிகள் சாட்சியாக நின்றன. நம் 100 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறும் 2011இல் ஸ்காட்லாந்துக் குழு ஒன்றின் கையால் இப்படிப் பதிவானது.

டாலன் பயன்படுத்திய லைக்கா சி10 கருவி நொடிக்கு அதிகபட்சம் 50,000 புள்ளி எடுக்கும். 2018இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ஆர்டிசி360 நொடிக்கு 20 லட்சம் எடுக்கும். அதாவது 100 கோடிப் புள்ளிகளுக்கு, கருவியை இடம் மாற்றும் நேரம் நீங்கலாக, 500 நொடி போதும். அன்று ஒரு தேவாலயத்துக்கே எடுத்த புள்ளிகளை இன்று ஒரு சாதாரண தொழிற்சாலை வேலையில் காலை டிபன் நேரத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். அவற்றை வைத்து வேலை செய்யும் கம்ப்யூட்டர்தான் அதே வேகத்தில் வளரவில்லை.

லாஸ் என்ற பொதுவான கோப்பு வடிவத்தில், நிறத்தோடு கூடிய ஒரு புள்ளிக்கு 26 பைட். 100 கோடிக்கு 26 ஜிபி. மென்பொருள் அதைத் திறந்தபின் தேடல் அட்டவணை, பரப்பின் திசை என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போகும். கோப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு நினைவகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 32 ஜிபி ராமில் 26 ஜிபி கோப்பு திறந்துவிடும்தானே என்று கேட்டால், திறக்கும். ஒரு வேலை கொடுத்தீர்களானால் திணறும்.

என்ன வேலை? பெரும்பாலும் ஒரே கேள்விதான், கோடிக்கணக்கான தடவை: “இந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள்?” சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடிக்க அக்கம்பக்கத்துப் புள்ளிகள் பத்திருபது தேவை. தூசியை நீக்கவும் அதே. இரண்டு இடங்களிலிருந்து எடுத்த ஸ்கேனை ஒன்றோடொன்று பொருத்தவும் அதே. பொருத்துவதற்கு இன்றும் பயன்படும் ஐசிபி முறையை 1992இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் பெஸ்ல், மெக்கே இருவரும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர்த்திரளில் மிக அருகில் இருப்பதைப் பிடி, மொத்தத்தையும் கொஞ்சம் நகர்த்து, மறுபடியும் பிடி, அவ்வளவுதான்.

அருகிலிருப்பதைப் பிடிக்க 100 கோடியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார்கள். இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் மரம் போன்ற அமைப்பு இருக்கிறது. சுமார் 30 படி இறங்கினால் அருகில் இருப்பது கிடைத்துவிடும். ஒவ்வொரு படியிலும் கணக்கு என்று பார்த்தால் ஒரு கழித்தல், ஓர் ஒப்பீடு. பிராசஸருக்கு இது தூசி. ஆனால் அந்த எண் ராமிலிருந்து வர வேண்டுமே! அதற்குச் சுமார் 90 நானோ நொடி. 30 படிக்கு 2,700. 100 கோடிப் புள்ளிக்கு, ஒரே கோரில், 45 நிமிடம். மேல்படிகள் சில பிராசஸருக்குள்ளேயே தங்கிவிடுவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் அந்த நேரத்தில் பெரும்பகுதி பிராசஸர் கணக்குப் போடுவதில்லை, எண் வந்து சேரக் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பின் அளவை நம் நேரத்துக்கு நீட்டிப் பார்த்தால்தான் உறைக்கும். பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் சமையல்காரரின் அஞ்சறைப் பெட்டி. கடுகு எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் ராமிலிருந்து எடுக்க ஒன்றரை நிமிடம். ராம் நிரம்பி, வேகமான சேமிப்பு வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு நாள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கடுகு வந்து சேர நான்கு மாதம் ஆகும், குழம்பு அதுவரை அடுப்பில். ராம் போதாமல் திணறும் இயந்திரத்தில் 64 கோர் இருந்தால் 64 பேர் சும்மா நிற்பார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம் வருகிறது. கனடாவில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜி. எம். மார்ட்டன் 1966இல், நில அளவைக் கோப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று யோசித்துக் கண்டுபிடித்தது.

பிராசஸர் ராமிடம் ஒரு எண்ணைக் கேட்டால் அது மட்டும் வராது. அதையொட்டி இருக்கும் 64 பைட் துண்டு மொத்தமாக வரும். ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களுக்கு (ஆயங்கள்) 12 பைட் என்றால், ஐந்து புள்ளிகள் சேர்ந்து வருகின்றன. ஒன்றைக் கேட்டதற்கு நான்கு இலவசம். அந்த நான்கும் உண்மையிலேயே அக்கம்பக்கத்துப் புள்ளிகளாக இருந்தால் லாபம். இல்லாவிட்டால் வந்ததும் வீண். ஸ்கேனர் எழுதும் வரிசையில் மேலும் கீழும் இருப்பவை அடுத்தடுத்து நிற்கும், ஆனால் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் புள்ளி கோப்பில் ஆயிரக்கணக்கான இடம் தள்ளிப் போயிருக்கும். இடத்தில் பக்கத்தில் இருப்பவை ராமிலும் பக்கத்தில் இருக்கும்படி வரிசைப்படுத்த வழி உண்டா?

மார்ட்டனின் வழியை முதலில் தரையில் கட்டம் போட்டுப் பார்ப்போம். கிழக்கே 5, வடக்கே 3 என்ற கட்டத்தில் ஒரு புள்ளி. இரும எண்ணில் 5 என்பது 101, 3 என்பது 011. கிழக்கிலிருந்து ஓர் இலக்கம், வடக்கிலிருந்து ஓர் இலக்கம் என்று மாற்றி மாற்றிக் கோருங்கள். 1, 0, 0, 1, 1, 1 என்று வரும். 100111 என்பது 39. இந்தக் கட்டத்தின் வரிசை எண் அதுதான்.

இப்போது அண்டைக் கட்டங்களைப் பாருங்கள். கிழக்கே 4, வடக்கே 2 என்பதற்கு 36. கிழக்கே 4, வடக்கே 3க்கு 37. கிழக்கே 5, வடக்கே 2க்கு 38. சதுரமாக ஒட்டி நிற்கும் நான்கு கட்டமும் 36, 37, 38, 39 என்று வரிசையாக வந்து நின்றுவிட்டன! தூரம் எதுவும் அளக்கவில்லை, பெருக்கலோ வர்க்கமூலமோ இல்லை. இலக்கங்களைக் கோத்ததோடு சரி.

இதைவிட அழகு அடுத்தது. அந்த நான்கு எண்களையும் இருமத்தில் எழுதி, கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்தால் நான்கிலும் மிச்சம் ஒரே எண்: 1001. நான்கையும் உள்ளடக்கிய பெரிய கட்டத்தின் எண் அது. இன்னும் இரண்டை மறைத்தால் அதைவிடப் பெரிய கட்டம். ஆக, இந்த வரிசையில் அடுக்கிவிட்டால் தனியாக மரம் எதுவும் கட்ட வேண்டாம். எண்களுக்குள்ளேயே மரம் இருக்கிறது. முப்பரிமாணத்தில் மூன்று மூன்றாகக் கோக்க வேண்டும், அவ்வளவே வித்தியாசம். இலவச மென்பொருளான கிளவுட்கம்பேர் இதையே செய்கிறது. 21 மட்டம், மட்டத்துக்கு 3 இலக்கம், மொத்தம் 63. ஒரு 64 பிட் எண்ணுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. 21 மட்டம் என்றால் ஒரு பக்கத்தைச் சுமார் 21 லட்சம் துண்டாக்கியதாகக் கணக்கு. 100 மீட்டர் நீளக் கட்டடத்தில் ஒரு துண்டு 0.05 மில்லிமீட்டர்!

குறை இல்லாமலில்லை. கிழக்கே 3, வடக்கே 3 என்பது நாம் பார்த்த 37ஆம் எண் கட்டத்தை இடப்பக்கம் ஒட்டியே இருக்கிறது, ஆனால் அதன் எண் 15. பெரிய கட்டங்களின் எல்லையில் இப்படிக் குதிக்கும். ஆனாலும் பெரும்பாலான நேரம் பக்கத்தில் இருப்பவை பக்கத்திலேயே கிடைக்கின்றன. அஞ்சறைப் பெட்டியிலேயே வேலை முடிகிறது.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். அந்த 64 கோர் பிராசஸர் போன்ற பெரிய ரகங்களில் ராமுக்குப் போகும் வழி நான்கோ எட்டோ இருக்கும். குச்சி இரண்டு போட்டால் இரண்டு வழிதான் திறக்கும், மீதி காலி. அத்தனை கோரும் இரண்டு வாசலில் முண்டியடிக்க வேண்டும். வாசகரின் வேலை அளவுக்கு நான் சொல்வது 12 அல்லது 16 கோர் உள்ள சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர், தனிக் கோரின் வேகம் அதிகமாக உள்ளது, கூடவே 96 அல்லது 128 ஜிபி ராம். அதிலும் ஒரு சூட்சுமம்: டிடிஆர்5 டெஸ்க்டாப் பலகைகளில் நான்கு குச்சி செருகினால் ராமின் வேகம் கணிசமாகக் குறைந்துவிடும். 48 ஜிபி குச்சி இரண்டு வாங்குவது 24 ஜிபி குச்சி நான்கைவிட நல்லது. மாதம் முழுக்க பல நூறு கோடிப் புள்ளி வேலை என்றால் அப்போது எட்டு வழியுள்ள பெரிய ரகத்துக்குப் போகலாம், எட்டிலும் குச்சி நிரப்பி.

கோர் அதிகம் இருப்பது வீண் என்று சொல்லவில்லை. லாஸ் கோப்புகளைச் சுருக்க மார்ட்டின் ஐசன்பர்க் உருவாக்கிய வடிவத்தில் (லாஸ்ஸிப்) புள்ளிகள் 50,000 கொண்ட துண்டுகளாக இருக்கும். துண்டுக்கு ஒரு கோர் என்று பிரித்துக் கொடுத்தால் சட்டென்று விரியும். ஆனால் எல்லாப் படிகளும் இப்படிப் பிரியாது. வேலையில் 20இல் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால் எத்தனை கோர் வைத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. ஜீன் ஆம்தால் 1967லேயே சொன்ன கணக்கு இது.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வருவோம். 4கே திரையில் இருப்பது 83 லட்சம் பிக்சல்தான். 100 கோடிப் புள்ளியையும் ஒரே நேரத்தில் காட்ட இடமே இல்லை. அதனால் நல்ல மென்பொருள்கள் மேலே சொன்ன மரத்தை வைத்து, கண்ணுக்குப் படும் பகுதியில் தேவையான சில லட்சங்களை மட்டும் கார்டுக்கு அனுப்புகின்றன. நெதர்லாந்து நாடு முழுவதையும் விமானத்திலிருந்து அளந்த 64,000 கோடிப் புள்ளிகளை பொட்ரீ என்ற இலவச மென்பொருள் சாதாரண பிரவுசரிலேயே காட்டியது இந்த முறையில்தான். 8 முதல் 12 ஜிபி உள்ள நடுத்தர கார்டு போதும். போட்டோக்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்வது, இயந்திரக் கற்றலை வைத்து மரம், கம்பி, கட்டடம் என்று பிரிப்பது போன்ற வேலை இருந்தால் மட்டும் பெரிய கார்டு.

கார்டு சம்பந்தமாக இன்னொன்று. திரையில் புள்ளிகள் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் கார்டைத் திட்டாதீர்கள். கார்டுகள் 32 பிட் எண்ணில் வேலை செய்பவை. தஞ்சைப் பகுதியின் வடக்கு ஆயம், இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில், சுமார் 11,92,000 மீட்டர். அவ்வளவு பெரிய எண்ணில் 32 பிட்டுக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி. மில்லிமீட்டர் ஸ்கேன் அதில் நாசமாகிவிடும். கோப்பைத் திறக்கும்போது கிளவுட்கம்பேர் ‘குளோபல் ஷிஃப்ட்’ என்று ஒரு பெட்டி காட்டிக் கேட்பது இதற்காகத்தான்: பெரிய எண்ணைக் கழித்துத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று. ‘யெஸ்’ கொடுங்கள். காசில்லாத தீர்வு.

எஸ்எஸ்டி இரண்டு வாங்குங்கள், ஒன்று சிஸ்டத்துக்கு, இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்டுக்கு. மலிவான சில ரகங்கள் முதல் சில பத்து ஜிபி வரை பாய்ந்து எழுதிவிட்டு, அதற்குப் பின் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான ஜிபி எழுதும் தொழிலுக்கு அவை ஆகாது. முடிந்த வேலைகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்கே போதும்.

என் ஆதங்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் கல்லூரிகளில் ஆய்வு நிதி வந்தால் ஸ்கேனருக்குப் பல லட்சம் ஒதுக்குவார்கள். அதன் டேட்டாவை ஓட்ட ஆய்வு மாணவர் தன் சொந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஸ்கேனருக்கு ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம், ராமுக்கு முடியாதே! கருவிக்குக் கொடுக்கும் நிதியில் பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டருக்கென்று கட்டாயமாக ஒதுக்கச் சொன்னால் பல ஸ்கேனர்கள் பெட்டியை விட்டு வெளியே வரும். இதில் கம்ப்யூட்டரை அக்னி மூலையில் வைப்பதா, குபேர மூலையில் வைப்பதா என்ற விவாதம் வேறு. இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் காற்றோட்டம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. காற்று இழுக்கும் சல்லடைமேல் வைக்காதீர்கள். சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. உங்கள் பழைய இயந்திரத்திலேயே வழக்கமான வேலை ஒன்றை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ராம் 95 சதவீதத்தைத் தொட்டு, டிஸ்க் ஓயாமல் ஓட, பிராசஸர் பத்திருபது சதவீதத்தில் தூங்கினால் பிரச்சினை ராம். ராம் பாதி காலியாக இருந்து, ஒரே ஒரு கோர் மட்டும் நூறில் நின்றால் தனிக் கோரின் வேகத்தைப் பாருங்கள். எல்லாக் கோரும் நூறில் நின்றால்தான் அதிகக் கோருக்குச் செலவு செய்யலாம். புது இயந்திரம் வந்ததும் மெம்டெஸ்ட் என்ற இலவச நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், கடைக்காரர் “அதெல்லாம் சகஜம் சார்” என்று சொன்னாலும், ராமை மாற்றி வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.