ரீலுக்கு எண்ணெயா, கிரீஸா?

மீன் கடித்ததும் தூண்டில் கோலைச் சுண்டி இழுத்தேன். தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டியில் அடித்தது. மீன் போய்விட்டது. முந்தின வாரம்தான் ரீலைக் கழற்றி, ஓர் இடம் விடாமல் கிரீஸ் பூசியிருந்தேன். கோளாறுக்குக் காரணமே அந்தக் கிரீஸ்தான்.

கைப்பிடி பின்னால் சுழலாமல் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் ஒருவழி பேரிங். தண்டு பின்னோக்கித் திரும்பப் பார்த்தால், அதிலுள்ள ஊசி போன்ற உருளைகள் சரிவான பள்ளத்தில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். சிக்குவதற்கு உராய்வு வேண்டும். உருளைகளைத் தள்ளும் ஸ்பிரிங்குகளோ மிகவும் மெல்லியவை. கெட்டி கிரீஸுக்குள் அவற்றால் உருளைகளை நகர்த்த முடியாது. இங்கே மெல்லிய எண்ணெயைத் தொட்டுத் துடைத்தாலே போதும்.

சரி, மற்ற இடங்களுக்கு?

1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக ஒரு பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மர ஆப்பு வைத்து அடைத்தார். எண்ணெய் அதையும் தள்ளிவிட்டது! சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து இடுக்கில் திணிக்கிறது. அங்கே உண்டாகும் அழுத்தம் அச்சின் மேல் இருக்கும் சுமையையே தூக்கி நிறுத்துகிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குச் சொன்னார். வேகம் கூடக்கூட மெல்லிய எண்ணெயே சுமையைத் தாங்கிவிடும். வேகம் குறைந்து சுமை ஏறினால் கெட்டியானது வேண்டும்.

ரீலுக்குள் இந்த இரண்டும் உண்டு. பெய்ட்காஸ்டிங் என்ற வகை ரீலில் தூண்டிலை வீசும்போது நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலே சுழலும். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல்கூடப் போகும், சுமை கொஞ்சம்தான். அதன் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி. ரீல் எண்ணெய் கைவசம் இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைவது பேரிங்குக்குள்ளும் உறையும்.

பல்சக்கரங்கள் மெதுவாகச் சுற்றி, பல்லோடு பல் அழுந்தித் தேய்பவை. எண்ணெய் அங்கே நிற்காமல் வழிந்துவிடும். கிரீஸ் என்பது சோப்பு இழைகளின் வலைக்குள் பிடித்துவைத்த எண்ணெய்; அழுத்தம் படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். கிரீஸின் கெட்டித்தன்மையை எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் கெட்டி. கார் சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் பொதுவாக 2-ம் எண். சின்ன ரீலில் அது கைப்பிடியைக் கனமாக்கும். 0 அல்லது 1 இதமாகச் சுற்றும். கடல் மீன்பிடிப்புக்குத் தண்ணீரில் கரைந்து போகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மீன் பலமாக இழுக்கும்போது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். அதில் வேலையே உராய்வுதான். அதன் கார்பன் வாஷர்களுக்கு அதற்கென்றே விற்கும் டிராக் கிரீஸை மெல்லிசாகப் பூச வேண்டும். நின்ற நிலையிலிருந்து நகரும் கணத்தில் வாஷர் திணறாமல் வழுக்க அது உதவும். அந்தத் திணறலில்தான் நரம்பு அறுகிறது.

துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் நம்பாதீர்கள். அதில் பெரும்பங்கு ஆவியாகிவிடும் கரைப்பான். போகிற போக்கில் பழைய கிரீஸையும் கழுவிவிடும். புது கிரீஸ் பூசுமுன் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஒத்துப்போகாத இரண்டு சோப்புகள் கலந்தால் கிரீஸ் இளகி ஒழுகக்கூடும்.