எல்.எஸ்.டி. 531: கரையேறக் கட்டிய கப்பல், கரை தொடாமல் மூழ்கிய கதை

1944 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த எல்.எஸ்.டி. 531, அதே ஆண்டு ஏப்ரல் 28 அதிகாலையில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய லைம் விரிகுடாவில் மூழ்கியது. நாலு மாதம்கூட ஆகவில்லை. அது பிறந்த இடமோ கடலே இல்லாத இண்டியானா மாநிலம். ஒஹையோ ஆற்றங்கரையில் எவன்ஸ்வில் என்ற ஊரில் கட்டி, ஆற்று வழியாகவே கடலுக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்.எஸ்.டி. என்றால் ‘லேண்டிங் ஷிப், டாங்க்’, அதாவது டாங்கி இறக்கும் கப்பல். துறைமுகம் இல்லாத இடத்தில், வெறும் மணலில் டாங்கிகளை இறக்குவதுதான் இந்த வகைக் கப்பலின் வேலை. கேட்க எளிது. ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அலையில் தக்கைபோல ஆடும். கரையில் ஏறும் கப்பலோ முழங்கால், இடுப்பளவு ஆழத்திலும் தரை தட்டாமல் நெருங்க வேண்டும். ஒரே கப்பல் இரண்டையும் எப்படிச் செய்யும்?

1941 நவம்பரில் ஜான் நீடர்மெயர் என்ற அமெரிக்கக் கப்பல் வடிவமைப்பாளர் இதற்கு ஒரு வழி வரைந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதுபோல வயிற்றில் பெரிய நீர்த்தொட்டிகள். கடல் தாண்டும்போது அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் அமிழ்ந்து நிதானமாகப் போகும். கரை நெருங்கியதும் பம்பு வைத்து நீரை வெளியேற்றினால் கப்பல் மேலெழும். சுமார் 500 டன் சரக்கோடு கரையேறும்போது முன்பகுதி 1.2 மீட்டர்தான் அமிழ்ந்திருக்கும், பின்பகுதி 3 மீட்டர். நூறு மீட்டர் நீளக் கப்பலுக்கு இது கடற்கரையின் மெல்லிய சரிவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் சாய்வு. மூக்கில் இரட்டைக் கதவு, அதன் பின்னால் இறங்கும் சாய்தளம். அப்புறம் திரும்பி வருவது எப்படி? கரையேறுவதற்கு முன்பே பின்பக்க நங்கூரத்தைத் தூரத்தில் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் அந்த வடத்தைச் சுற்றி இழுத்தால் கப்பல் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எனக்கு இந்தக் கப்பலில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் வண்டிகள் ஓட வேண்டுமென்றால் நடுவில் தடுப்புச் சுவர் இருக்க முடியாது. டாங்கித் தளம் முன்னிருந்து பின்வரை கிட்டத்தட்ட ஒரே கூடம். இதில்தான் ஆபத்து. திறந்த தளத்தில் தண்ணீர் புகுந்தால் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. கப்பல் சாயும் பக்கம் எல்லாத் தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அகலம் இரண்டு மடங்கானால் இந்தக் கேடு எட்டு மடங்காகும். நடுவில் ஒரு நெடுஞ்சுவர் எழுப்பினாலே பெருமளவு குறைந்துவிடும், ஆனால் சுவர் வைத்தால் வண்டி ஓட்ட இடமில்லை. 1987இல் ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிகள் கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்ததும் இதே கணக்கில்தான்.

சரி, அந்த இரவுக்கு வருவோம். பிரான்ஸின் நார்மண்டியில் யூட்டா என்று பெயரிட்ட கரையில் படைகளை இறக்கத் திட்டம். அதை ஒத்த கரை என்பதால் இங்கிலாந்தின் ஸ்லாப்டனில் அதற்கு ஒத்திகை. வீரர்களும் எரிபொருள் நிரப்பிய வண்டிகளுமாக எட்டு எல்.எஸ்.டி.க்கள் வரிசையாக வந்தன. மணிக்கு 12 கடல் மைலுக்கு மேல் ஓடாத கப்பல்கள் இவை. எல்.எஸ்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு ‘லார்ஜ் ஸ்லோ டார்கெட்’, அதாவது ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று மாலுமிகளே விரிவு சொன்னார்கள். துணைக்கு வரவேண்டிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் ‘சிமிட்டர்’ ஒரு மோதலில் சேதமடைந்து துறைமுகத்தில் நின்றுவிட்டது. மிஞ்சியது ‘அசேலியா’ என்ற சிறு காவல் கப்பல் மட்டும். ஆணையில் நேர்ந்த அச்சுப்பிழையால் எல்.எஸ்.டி.க்களின் ரேடியோ அலைவரிசையே வேறாக இருந்தது, எச்சரிக்கை அவற்றுக்கு எட்டவில்லை.

பிரான்ஸின் ஷெர்பூர்க் துறைமுகத்திலிருந்து ஒன்பது ஜெர்மன் விரைவுப் படகுகள் வந்தன. இரவு இரண்டு மணிக்குப் பிறகு எல்.எஸ்.டி. 507 டார்ப்பிடோ பட்டுத் தீப்பிடித்தது. சற்று நேரத்தில் 531ஐ இரண்டு டார்ப்பிடோக்கள் தாக்கின. சுமார் ஆறு நிமிடத்தில் அது மூழ்கிப்போனது. எல்.எஸ்.டி. 289, பின்பகுதி சிதைந்தும் தப்பிக் கரை சேர்ந்தது.

தண்ணீரில் குதித்தவர்களில் பலரைக் கொன்றது குண்டல்ல, குளிர். இன்னும் சிலரைக் கொன்றது அவர்கள் அணிந்திருந்த மிதவைப் பட்டை. முதுகில் மூட்டை இருந்ததால் பலர் காற்றடைத்த பட்டையை அக்குளுக்கு அடியில் கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த விஷயம்: மிதப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் மேலே வரும். இடுப்பு மேலே வந்தது, நனைந்த மூட்டையும் தலைக்கவசமும் மேலுடம்பைக் கீழே அழுத்தின. விடிந்தபோது கால்கள் மேலாகவும் தலை நீருக்குள்ளாகவும் உடல்கள் மிதந்தன. எப்படிக் கட்டுவது என்று யாரும் அவர்களுக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

விலகிப் போயிருக்க வேண்டிய எல்.எஸ்.டி. 515, அதன் தலைவர் ஜான் டாயிலின் முடிவால் திரும்பி வந்து பலரைக் காப்பாற்றியது. இறந்தவர்கள் 749 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. படையெடுப்பு ரகசியம் என்பதால் தப்பியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஐந்து வாரங்களில், ஜூன் 6 அன்று நார்மண்டியில் படைகள் இறங்குவதற்குள் ரேடியோ அலைவரிசைகளை ஒன்றாக்கினார்கள், தண்ணீரில் விழுந்தவர்களை எடுக்கச் சிறு படகுகளை ஒதுக்கினார்கள். பட்டையை அக்குளுக்கு அடியில் கட்டவும் வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.