பேச்சு நின்றால் கணினி அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை

நேற்று மாலை இன்னொரு மடிக்கணினி பழுதென்று வந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது. பார்வையற்ற ஒருவர் ஷட் டவுன் கொடுத்திருக்கிறார், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பேச்சை நிறுத்தியிருக்கிறது, உடனே மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் தொட முடியாத சூடு, பேட்டரி காலி, சேமிக்காமல் விட்டிருந்த ஐந்து பக்கமும் போய்விட்டது. “என்விடிஏ கெட்டுப்போச்சு சார், வேற போட்டுக் கொடுங்க” என்கிறார். என்விடிஏ என்ற அந்தத் திரைவாசிப்பானில் ஒரு குறையும் இல்லை.

பார்வையற்றவர்களுக்குக் கணினி கற்றுத்தரத் தொடங்கிய நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். திரைவாசிப்பான் என்பது கணினி அல்ல. வேர்டு போல, பிரவுசர் போல அதுவும் ஒரு புரோகிராம். ஷட் டவுன் கொடுத்ததும் எல்லாப் புரோகிராம்களையும் மூடச் சொல்லி விண்டோஸ் கேட்கும். திரைவாசிப்பான் முதலிலேயே மூடிக்கொண்டு போய்விடலாம். சேமிக்காத கோப்பு வைத்திருக்கும் வேர்டு போகாது. ‘இந்தப் புரோகிராம் ஷட் டவுனைத் தடுக்கிறது, எப்படியும் அணைக்கவா, ரத்து செய்யவா’ என்று திரை முழுக்க ஒரு கேள்வி நிற்கும். அதைப் படித்துச் சொல்ல வேண்டியது ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் கேட்ட அமைதி திரைவாசிப்பானின் அமைதி, கணினியின் அமைதி அல்ல.

முன்பெல்லாம் விண்டோஸ் அணையும்போது ஒரு இசை ஒலிக்கும், பழையவர்களுக்கு நினைவிருக்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-லிருந்து அது இல்லை. பார்வையுள்ளவர்களுக்கு அது வெறும் அலங்காரம், நமக்கோ அது ஒரு தகவல். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அணைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதைக் கொடுத்து விசிறிச் சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பீப் சத்தம் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் அணைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அப்புறம் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர்: விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கினால் டேப் விசையால் நகர்ந்து என்ன கேட்கிறது என்று கேளுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டியிருந்தால் அதன் இணைப்பு அறுந்தும் பேச்சு நிற்கும், அதையும் பாருங்கள்.

பவர் பட்டனை மட்டும் தொடாதீர்கள், தயவுசெய்து. அணைந்த கணினியில் அழுத்தினால் அது எழுந்துவிடும். ஓடும் கணினியில் நீண்ட நேரம் அழுத்தினால் மின்சாரத்தைப் பிடுங்கியது போலத்தான். அந்த நேரம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸே எழாமல் போகலாம். அப்டேட் என்று சந்தேகம் வந்தால் கைப்பேசியில் சீயிங் ஏஐ செயலியைத் திறந்து திரையைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது பார்வையுள்ள தன்னார்வலர்கள் வீடியோவில் பார்த்துச் சொல்லும் பி மை ஐஸ் செயலியில் ஒருவரை அழையுங்கள். சதவீதம் ஏறுகிறதென்றால் காத்திருங்கள்.

இனி ஒழுங்காக அணைக்கும் முறை. கன்ட்ரோல் எஸ் போட்டுச் சேமியுங்கள். திறந்ததையெல்லாம் ஆல்ட் எஃப்4 கொடுத்து ஒவ்வொன்றாக நீங்களே மூடுங்கள். விண்டோஸ் டி அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வந்து மறுபடி ஆல்ட் எஃப்4. அம்பு விசையால் ஷட் டவுன் என்று காதில் விழுந்த பிறகு என்டர். திறந்த கோப்பு எதுவும் இல்லையென்றால் தடுக்கும் கேள்வி அநேகமாக வராது.

‘தினமும் அணைக்கிறேன், ஆனாலும் திரைவாசிப்பான் திக்குகிறது’ என்பவர்கள் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கரு (கெர்னல்) வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பழுது பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஷட் டவுன் ஆகவில்லை என்று வந்தால் எடுத்ததும் ஃபார்மேட் செய்யாதீர்கள். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 1074, 6008 எண்களைத் தேடுங்கள். முதலாவது யார் அல்லது எது அணைக்கச் சொன்னது என்று காட்டும், இரண்டாவது திடீரென அணைந்ததைக் காட்டும். வேலை முடிந்து கொடுக்கும்போது சத்தத்தை மியூட்டில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, ‘ஆஃப் ஆயிடுச்சா பாரு’ என்று பார்வையற்றவர் கேட்டால் ‘ஆயிடும், ஆயிடும்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். திரையில் இருக்கும் வரியை அப்படியே வாசித்துச் சொல்லுங்கள்.