பழைய மின்னஞ்சல்களை இடம் மாற்றும்போது என்ன நடக்கிறது?

“விண்டோஸ் கணினியில் அவுட்லுக்கில் சேர்த்துவைத்த பழைய மின்னஞ்சல்களின் கோப்பை லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்தேன். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் திறக்க முடியவில்லை, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மடல்களில் கோளாறு இல்லை. மேலே தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, அப்புறம் உள்ளடக்கம் என்ற அமைப்பை 1982-லேயே ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் தரநிலை வகுத்துவிட்டது. படங்களும் ஆவணங்களும்கூட 1992-ல் வந்த மைம் முறைப்படி மடலுக்குள்ளேயே எழுத்துகளாக அடங்கிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான மடல்களை வட்டில் எப்படி அடுக்குவது என்பது அந்தந்த மென்பொருளின் விருப்பம். அவுட்லுக் தனக்கென்று பிஎஸ்டி என்ற தரவுத்தளக் கோப்பை வைத்திருக்கிறது. தண்டர்பேர்டு வழக்கமாகப் பயன்படுத்துவது எம்பாக்ஸ் என்ற வேறொரு வடிவம்.

எம்பாக்ஸ் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்தது. எல்லா மடல்களும் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அடுத்த மடல் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், வரியின் முதலில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் உடனே ஓர் இடைவெளியும். சரி, மடல் எழுதியவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கியிருந்தால்? ஒரு மடல் இரண்டாக உடைந்துவிடும்!

அதனால் சேமிக்கும்போது அந்த வரிக்கு முன்னால் ‘>’ குறி ஒன்றைச் சேர்த்தார்கள். திறக்கும்போது அதை எடுத்துவிடலாம். ஆனால் பதில் மடல்களில் மேற்கோள் வரிகளுக்கும் இதே குறிதான். இருக்கும் ‘>’ மடலில் முதலிலிருந்தே இருந்ததா, சேமிக்கும்போது ஒட்டியதா? பழைய முறையில் கண்டுபிடிக்க வழியில்லை.

பின்னால் வந்த எம்பாக்ஸ்ஆர்டி முறை இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஃப்ரம்’முக்கு முன்னால் ஏற்கெனவே எத்தனை ‘>’ இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, சேமிக்கும்போது ஒன்று கூட்டு. திறக்கும்போது ஒன்று குறை. அவ்வளவுதான். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பழைய மடல் திரும்பக் கிடைக்கிறது. எழுத்து பிசகாதது முக்கியம், ஏனென்றால் ஒரே ஒரு ‘>’ கூடினாலும் மின்னணு முறையில் கையொப்பமிட்ட மடலின் கையொப்பம் செல்லாததாகிவிடும். வருத்தம் என்னவென்றால், எந்த முறையில் சேமித்தது என்று கோப்பு தானாகச் சொல்லாது.

பிஎஸ்டி-யின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் 2010-ல் வெளியிட்டது. இப்போது அதைப் பிரித்து எம்பாக்ஸாக மாற்றித்தரும் கட்டற்ற கருவிகள் உள்ளன. பொதுப்பணத்தில் இயங்கும் எந்த நிறுவனமும் தன் மடல்களை இப்படி அமைப்பு வெளியான வடிவங்களில்தான் காக்க வேண்டும், அந்தக் கருவிகளைப் பராமரிப்பதற்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரு கணினிகளும் ஒரே ஐமேப் கணக்கை (மடல்களைச் சேவையகத்திலேயே வைத்திருக்கும் மின்னஞ்சல் கணக்கை) அணுக முடிந்தால், மடல்களை அந்தக் கணக்கின் கோப்புறைக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபக்கம் இறக்குவது இன்னும் எளிது. படித்தது, படிக்காதது என்ற குறிப்புகளும் கூடவே வரும். எந்த வழியானாலும் பழைய கோப்பை அழிப்பதற்கு முன் இரு பக்கமும் மடல்களை எண்ணிப் பாருங்கள். புதிய இடத்தில் எண்ணிக்கை கூடியிருந்தால், அனுப்பியவர் பெயரோ தேதியோ இல்லாத மடல்களைத் தேடுங்கள். ‘ஃப்ரம்’ வரியில் உடைந்தவை பெரும்பாலும் அவைதான்.