அலகைக் கட்டாதீர்கள், அண்ணாச்சி

செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று, நேற்று ஒன்று. ஒரே வாரத்தில் மூன்று பறவைகள். மூன்றுமே மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டைகளின் மேல் கட்டியிருந்த நரம்பு வலையில், அதாவது மெல்லிய நைலான் இழை வலையில், சிக்கியவை. நான் மாட்டு டாக்டர். என் மருந்தகத்தில் பறவைக்கென்று ஒரு கூண்டு கூடக் கிடையாது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்தில் இருப்பதால் இதுவும் என் தலையில் விழுகிறது.

நேற்று வந்தது சின்ன நீர்க்காகம். யூரியா சாக்கில் போட்டு, கொத்திவிடாமல் இருக்க அலகைச் சணலால் இறுக்கிக் கட்டி, பைக்கின் முன்னால் வைத்துக் கொண்டுவந்திருந்தார் ஓர் அண்ணாச்சி. சாக்கைப் பிரித்தால் உயிர் இல்லை. இடது இறக்கையை வலை நரம்பு எலும்பு தெரிய அறுத்திருந்தது. அந்தக் காயத்தைத் தைத்திருக்கலாம். உயிரை எடுத்தது சணல். நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் மூக்குத் துவாரம் வெளியே அடைபட்டிருக்கும், வாயால்தான் மூச்சு. அலகை இறுக்கிக் கட்டுவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றுதான்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னார்: "இதுகதான் டாக்டர் என் குட்டையக் காலி பண்ணிட்டு. ரெண்டாயிரம் குஞ்சு விட்டேன், அறுநூறு கூடத் தேறல."

"அப்புறம் ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"உசிரு துடிக்கதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க?"

இப்படிப்பட்டவரிடம் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் இந்த "காலி பண்ணிட்டு" கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நீர்க்காகம் மீன் தின்னாது என்று நான் சொல்லவில்லை. விரல் நீளம் கூட இல்லாத குஞ்சைத் திறந்த குட்டையில் விட்டால் தின்னத்தான் செய்யும். ஆனால் தொலைந்த ஆயிரத்து நானூறும் அதன் வயிற்றுக்குள்தான் போயிற்றா? பெரிய நீர்க்காகம் நாளைக்கு அரைக்கிலோ வரை மீன் தின்னும். நம் குட்டைகளுக்கு வரும் சின்ன நீர்க்காகத்தின் மொத்த எடையே அரைக்கிலோதான், அது எப்படி அவ்வளவு தின்னும்? அண்ணாச்சியிடம் விசாரித்தேன். குஞ்சு வந்த பாலிதீன் பையை அவிழ்த்த கையோடு அப்படியே குட்டையில் கவிழ்த்திருக்கிறார். வெயிலில் வந்த பை, குளிர்ந்த தண்ணீர். அன்றைக்கே எத்தனை செத்ததோ. செத்த குஞ்சில் பல மிதக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது. குட்டையில் முன்பே விராலும் கெளுத்தியும் கிடந்தன. அவை ராத்திரியும் பகலும் தண்ணீருக்கடியில் தின்கின்றன. அதுவும் கண்ணில் படாது. நீர்க்காகம் மட்டும் பட்டப்பகலில் கரைக் கம்பத்தில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. விடியற்காலையில் கொக்கும் நாரையும் கூட்டமாக இறங்கியிருந்தன, எட்டு மணிக்குப் பார்த்தால் மீன் செத்து மிதந்தது என்று மாதம் ஒருவராவது வந்து சொல்கிறார். கொக்கு கொன்றிருந்தால் தின்றிருக்கும், மிதக்க விட்டிருக்காது. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கும், அதைப் பார்த்துத்தான் கொக்கே இறங்கும். விடியலில் திடீரென்று பறவை கூடினால் கல்லைத் தேடாதீர்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்ட விடுங்கள். அன்றைக்குத் தீவனத்தையும் நிறுத்துங்கள்.

செவ்வாய்க்கிழமை வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவில் மூடவே மூடாது. அதன் சாப்பாடு பெரும்பாலும் நத்தைதான். மீனைக் காப்பாற்றக் கட்டிய வலை, நத்தை பொறுக்க வந்ததைப் பிடித்திருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? மீன்வளத்துறை நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்டது இது. குஞ்சு விடும் முன் குட்டையில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டுப் பழைய மீன்களை ஒழியுங்கள். மூன்று வாரம் காத்திருங்கள், அவசரப்பட்டால் உங்கள் குஞ்சும் சேர்ந்து சாகும். குஞ்சுப் பையைக் கட்டு அவிழ்க்காமல் கால்மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள், பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கலந்து விடுங்கள். காசு பார்க்காமல் பெரிய விரலிகளாக, அதாவது விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளாக, வாங்குங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால், ஒரு மூலையை மட்டும் அடைத்து, அங்கே வளர்த்துப் பெரிய குட்டையில் விடுங்கள். அந்த மூலைக்கு மட்டும் வலை போட்டால் போதும்.

வலை போட்டே ஆகவேண்டும் என்றால் நரம்பு வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பறவைக்கு அது கண்ணுக்கே தெரியாது. தடித்த நூலில், கண் சிறியதாக, வெள்ளை வலையாக வாங்கி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலைதான் காலையும் இறக்கையையும் சுற்றுகிறது.

பறவையைக் கொல்லக் குருணை மருந்தை, அதாவது வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லியை, மீனில் தடவி வைக்கும் வேலையைப் பற்றி நான் நிதானமாகப் பேசத் தயாரில்லை. அதைத் தின்று செத்த கொக்கைத் தின்னும் நாய் சாகும், பருந்து சாகும். போட்ட கையோடு பீடி பற்றவைத்தால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கும் வரும்.

பறவை சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். தலைமேல் துண்டைப் போடுங்கள், அடங்கிவிடும். இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, நரம்பை இரண்டு பக்கமும் கத்தரியுங்கள். சதைக்குள் புதைந்ததை விட்டுவிடுங்கள், அது என் வேலை. நாரையும் பாம்புத்தாராவும் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். முகத்தைத் தள்ளி வைத்து, அலகைக் கையால் பிடியுங்கள், நடுவில் ஒரு விரலைக் கொடுத்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சாக்கு வேண்டாம், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். வனத்துறைக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மீன் பிடித்து முடித்ததும் வலையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வியாழக்கிழமை நானே போய் அறுத்தெடுத்த மடையான் கொக்கு, பொட்டுத் தண்ணீர் இல்லாத குட்டையின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.