மனு எப்போது ‘பொருள்’ ஆகிறது?

2022 ஆம் ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஓர் அம்மா நான்கு பக்க மனுவோடு பேரூராட்சி அலுவலகத்தில் என் அறைக்கு வந்தார். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டைத் தெருவில் இறக்கிக் கட்டிவிட்டார், ரேஷன் கடையில் எடை குறைகிறது, நாய்த் தொல்லை தாங்கவில்லை. மொத்தம் ஏழு குறைகள். கீழே நாற்பத்துமூன்று கையெழுத்துகள் இருந்தன. ஒன்றின் பக்கத்திலும் கதவு எண் இல்லை. எந்தத் தெரு என்பதே நான்காம் பக்கத்தில்தான் தெரிந்தது.

“ஐயா, போன மாதமும் இதையே கொடுத்தேன். பல்பை மட்டும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்” என்றார்.

“யாரிடம் கொடுத்தீர்கள் அம்மா?”

“தலைவர் கையிலேயே கொடுத்தேன்.” சொல்லும்போது குரலில் சிறு பெருமிதம் இருந்தது.

பேரூராட்சிகளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பல்பு ஏன் எரிந்தது, சாக்கடை ஏன் அப்படியே கிடந்தது என்பது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மனுவில் முதலில் எழுதியிருந்தது தெருவிளக்கு. எனவே மனு தெருவிளக்கு பார்க்கும் எழுத்தரிடம் போயிற்று. அவர் பல்பை மாற்றச் சொல்லிவிட்டு, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டார். அவர் மீது தவறு சொல்ல மாட்டேன். மீதி ஆறில் உதவித்தொகை தாலுகா அலுவலகத்துக்கு உரியது. ரேஷன் எடை எங்கள் கையிலேயே இல்லை. ஒரே தாளில் ஏழு துறைகளைக் கட்டிவைத்தால் அது எந்தத் துறைக்கும் போய்ச் சேராது.

தலைவர் கையில் கொடுத்த மனு பல நேரம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்துவிடும். தபால் பிரிவில் கொடுத்த மனு பதிவேட்டில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு ந.க. எண், அதாவது பதிவேட்டில் ஏற்றும்போது மனுவுக்கு அலுவலகம் கொடுக்கும் எண். அந்த எண் விழுந்துவிட்டால், யாருடைய மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்க முடியும். எண் இல்லாத மனுவைப் பற்றிக் கேட்டால், “எந்த மனு?” என்று எதிர்க்கேள்வி வரும். எனவே அந்த அம்மாவிடம் ஐந்து தாள்கள் கொடுத்து, தாளுக்கு ஒரு குறையாக எழுதச் சொன்னேன். தெருப் பெயர், வார்டு எண், எந்தக் கதவு எண்ணிலிருந்து எதுவரை என்பதெல்லாம் மேலேயே வரட்டும் என்றேன். எழுதிக் கொடுத்து, எண்களை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

இனி பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். உறுப்பினர்களுக்குச் சில நாள்களுக்கு முன்பே ஒரு தாள்கட்டு போகும். அதில் வரிசையாகப் ‘பொருள்’கள் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் ‘மன்றத்தின் முடிவுக்கு’ என்ற வரி. இவ்வளவுதான் கூட்டத்தின் முழு எலும்புக்கூடு. கூட்டத்தில் மூன்று மணி நேரம் காரசாரமாகப் பேசலாம், மேசையைத் தட்டலாம், வெளிநடப்புச் செய்யலாம். மினிட் புத்தகத்தில் தீர்மானமாக ஏறுவது அந்த எண்ணிட்ட பொருள்கள் மட்டுமே. மற்றதெல்லாம், ‘உறுப்பினர் கோரினார்; தலைவர் ஆவன செய்வதாகக் கூறினார்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். உள்ளாட்சி அலுவலகங்களில் புழங்கும் சொற்களில் ‘ஆவன’வைவிடச் சோம்பேறியான சொல்லை நான் கண்டதில்லை. என்ன, எப்போது, எந்தப் பணத்தில் என்ற மூன்றில் ஒன்றுக்குக்கூட அதில் விடை கிடையாது.

ஊர்க்காரர்களோ, தங்கள் உறுப்பினர் கூட்டத்தில் எவ்வளவு உரக்கப் பேசினார் என்றுதான் விசாரிக்கிறார்கள். எந்தப் பொருள் எண்ணில் நம் தெரு வந்தது என்று கேட்பவரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

உறுப்பினர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்தத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. இடங்களில் பாதி பெண்களுக்கு. முதல் சில கூட்டங்களில் பல பெண் உறுப்பினர்கள் முன்வரிசையில் அமர, அவர்களின் கணவர்கள் பின்வரிசையில் அமர்ந்து கண்ணால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனைவிக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவே பேனாவைத் திறந்துவிட்டார். “ஐயா, நீங்கள் தேர்தலில் நிற்கவில்லையே” என்று தலைமை எழுத்தர் தன்மையாகச் சொன்னார். அந்தப் பெண் உறுப்பினர்தான் பிறகு எங்கள் மன்றத்தில் மதிப்பீட்டுத் தாளைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஒரே ஆளாக மாறினார். அவர் மளிகைக் கடை நடத்தியவர். பட்டியலைப் பார்த்தவுடன் எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சாக்கடை மனு இளநிலைப் பொறியாளரிடம் போயிற்று. அவர் நேரில் பார்த்தார். தூர் வாரினால் ஒரு மழைக்குத் தாங்கும், அதன் பிறகு புதிதாக வாய்க்கால்தான் கட்ட வேண்டும் என்று எழுதினார். 72 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம். அங்கேதான் உண்மையான கேள்வி பிறந்தது: எந்த நிதியில்?

‘பேரூராட்சியில் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது, செய்ய மனமில்லை’ என்று டீக்கடையில் சொல்வார்கள். பணம் இருக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கழுத்தில் ஒரு சீட்டு கட்டித்தான் அது வருகிறது. 15 ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சிறிய நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதத்துக்கு முன்கூட்டியே பெயர் வைத்தாயிற்று: பாதி சுகாதாரம், திடக்கழிவு மேலாண்மைக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு போன்றவற்றுக்கு. ‘டைடு’ என்போம் அலுவலகத்தில். மிச்சம் 40 சதவீதம் ‘அன்டைடு’. அதை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. குடிநீர்த் தலைப்பில் பணம் நிறையக் கிடக்கும்போதே தார்ச்சாலை பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். உங்கள் மனு எந்தத் தலைப்பில் அடங்கும் என்று பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் பாதி வழி நடந்த மாதிரி.

உண்மையிலேயே சுதந்திரமான பணம் பொது நிதிதான். அது சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை, சந்தை ஏலம் ஆகியவற்றிலிருந்து சேர்வது. அதில் பெரும்பகுதியை மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்குமான மின்கட்டணமும் ஊதியமும் தின்றுவிடும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. முதல் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மார்ச் மாதக் கடைசியில் வரித் தண்டலர் வாசலில் நிற்கும்போது, “ரோடு போடுங்கள், அப்புறம் வரி கட்டுகிறேன்” என்று சொல்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் வீட்டுக்கு இன்னும் தாத்தா பெயரில்தான் வரி ரசீது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெயர் மாற்றத்தை இன்றே செய்துகொள்ளுங்கள். குடிநீர் இணைப்போ கட்டட அனுமதியோ கேட்டு வரும் நாளில் தாத்தாவைத் தேட முடியாது.

எங்கள் சாக்கடை ‘அன்டைடு’ பங்கில் இடம்பிடித்தது. அடுத்த கூட்டத்தில் பொருள் எண் 14. மளிகைக் கடை உறுப்பினர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “72 மீட்டருக்குப் பிறகு தண்ணீர் எங்கே போகும்?” பொறியாளர் தலையைச் சொறிந்தார். பழைய ஓடையோடு இணைக்கும் ஒரு சிறிய திருத்தம் அங்கேயே சேர்க்கப்பட்டது. அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால், சாக்கடை நீரை இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு இடம் மாற்றியதற்காக ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்திருப்போம்.

விதிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதில் எனக்கும் எரிச்சல் உண்டு. பணியில் இளையவனாக இருந்தபோது, ஒரு கோடையில் ஊரின் முக்கிய ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. மறுநாள் காலை அலுவலக வாசலில் காலிக் குடங்கள். விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல் என்று உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. தலைவரின் முன் அனுமதியோடு அன்றே புது மோட்டார் வாங்கி இறக்கினோம். மாலையில் தண்ணீர் வந்தது. ஊரே பாராட்டியது. அடுத்த கூட்டத்தில் மன்றமும் செலவினத்துக்குப் பின்னேற்பு கொடுத்தது.

உள்ளாட்சி நிதித் தணிக்கையினர் வந்து இரண்டு தடைகள், அதாவது ஆட்சேபணைகள், எழுதினார்கள். ஒன்று, மூன்று விலைப்புள்ளிகள் பெறவில்லை. இரண்டு, கழற்றிய பழைய மோட்டார் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை. முதலாவதற்கு விளக்கம் கொடுத்துச் சமாளித்தேன். இரண்டாவதை மறந்தே போனேன். ஓய்வு பெறும்போது, நிலுவைத் தணிக்கைத் தடைகளைத் தீர்க்காமல் பணப்பலன் வராது என்றபோதுதான் நினைவுக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த ஊருக்குப் பஸ் ஏறிப் போய், மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த அந்த இரும்பை நானே தேடி எடுத்து, எடைபோட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று தணிக்கையாளரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அவர் கேட்டதில் பிழையில்லை. எல்லா ஊரிலும் எரிந்த மோட்டார்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன. எல்லாரும் தண்ணீர் வந்ததையே பார்க்கிறோம்.

நடுவே ஒரு வார்த்தை, பிறப்புச் சான்றிதழுக்காக அலைபவர்களுக்கு. பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. ஓராண்டைத் தாண்டினால் மேலே உத்தரவு வாங்கிக்கொண்டுதான் எங்களிடம் வர முடியும். குழந்தையின் பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்; பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

சாக்கடைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி உத்தரவு கொடுத்து, வேலை முடிய ஏழு மாதம் ஆயிற்று. அந்த அம்மாவின் மகன் ஐ.டி.ஐ. படித்தவன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டான். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருந்தான். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கேட்பது மட்டும்தான் அந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(j) உட்பிரிவு, பணியையே நேரில் பார்வையிடவும், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பு எடுக்கவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரி பெறவும் இடம் தருகிறது. அவன் கேட்டது மதிப்பீட்டையும் ‘எம்’ (M) புத்தகத்தையும்தான். முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் அது. அதைப் பார்த்துத்தான் பட்டியல் தொகை போகும்.

‘எம்’ புத்தகத்தில் ஆழம் 60 செ.மீ. என்றே முழு நீளத்துக்கும் எழுதியிருந்தது. அவன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, “ஐயா, வளைவுக்கு அப்புறம் 50தான் வருகிறது, நீங்களே வந்து பாருங்கள்” என்றான். போனேன். அவன் ஒரு முனையைப் பிடிக்க, நான் குனிந்து மறுமுனையைப் பிடித்தேன். 50, 49, ஓரிடத்தில் 51. தெருவே சுற்றி நின்று பார்த்தது. பொறியாளரிடம் கேட்டபோது, முதல் இருபது மீட்டரை அளந்துவிட்டு மீதியை அப்படியே எழுதிவிட்டதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், நான்கு பேரூராட்சிகளுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கத்தில் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இறுதிப் பட்டியல் அப்போது நிலுவையில் இருந்தது. மறு அளவு எடுத்து, குறைந்த அளவுக்கான தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தோம். எங்கள் இருவரிடமும் விளக்கம் கேட்டு மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வளைவைத் தாண்டிய பகுதியை இடித்துக் கட்ட ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அது இன்றும் பத்து செ.மீ. குறைவாகத்தான் இருக்கிறது. பெருமழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வழிகிறதாம். அந்தப் பையன் அதற்குத் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறான். ஒரே ஒரு குறை, மேலே கதவு எண்களோடு.